வாத்தின் பேரில் ஒரு மனு

1. வந்திருந்தவர்கள்

திரௌபதி, வீட்டுக்காரி: கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியின் மேல்.
வேதாசலம், அவள் கணவனின் தாய்மாமன், ஊரில் யார் எங்கே வலை போடுவது என்கிற பாட்டுக் கணக்கை வைத்திருப்பவர்: வீட்டிலிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில்.
பச்சையம்மா, நாத்தனார், கோழிக்காரி: வாசற்படியில், பாதி உடம்பு வெயிலில்.
ஆரோக்கியமேரி, பழவேற்காட்டிலிருந்து வந்தவர், வாத்துக்காரி: காலி கேஸ் சிலிண்டரின் மேல்.
மோகன்குமார், கணவன்: மீஞ்சூரில். அவனுடைய குரல் மட்டும் தண்ணீர்க் குடத்து மூடிமேல், ஸ்பீக்கர் போட்ட போனில்.
நான், மனு எழுதிக்கொடுப்பவன்: மடித்து வைத்திருந்த வலையின் மேல், மடியில் பரீட்சை அட்டையோடு.

கதையை இப்படி ஆரம்பிப்பது சரியா என்று தெரியவில்லை. பொன்னேரியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதத்தான் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்கள். அனுப்புநர், பெறுநர், பொருள், அப்புறம் விஷயம். யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிட்டால் பிற்பாடு தகராறு வராது. கதைக்கும் அது பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் நான் கதைக்காகப் போகவில்லை. ஒரு படிவம் நிரப்பத்தான் ஒரு புதன்கிழமை காலையில் படகேறிப் பசியாவரம் தீவுக்குப் போனேன். வீட்டோடு பறவை வளர்க்கும் பெண்களுக்கு உதவி என்று ஒரு திட்டம். படிவத்தின் கடைசியில் இரண்டு கட்டங்கள்: கோழி இருபது, வாத்து இருபது. ஏதாவது ஒன்றில்தான் டிக் போடலாம். ஒருமுறை வாங்கிவிட்டால் ஐந்து வருடத்துக்கு மறுபடி கேட்க முடியாது. சாயங்காலத்துக்குள் அக்கரையில் கொடுத்துவிட வேண்டும். அந்த டிக்கைப் போட எனக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று. அந்த மூன்று மணி நேரம்தான் இது.

2. கைவிட்ட தொடக்கங்கள்

"பழவேற்காட்டு ஏரியில் பூநாரைகள் இறங்கும் காலம் அது. இளஞ்சிவப்பு நிறத்தில் வானமும் நீரும்"

(நிறுத்திவிட்டேன். இந்த ஏரியைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பூநாரையைக் கொண்டுவருகிறார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவரும் பூநாரையைப் பற்றிப் பேசவில்லை. பேச்செல்லாம் முட்டை போடுகிற, கைக்கு எட்டுகிற பறவைகளைப் பற்றி.)

"திரௌபதி ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் கண்களில்"

(இதுவும் வேண்டாம். அவள் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.)

3. கோழியா, வாத்தா

திரௌபதிக்கு இந்தக் கேள்வி வெறும் பறவைக் கேள்வி இல்லை. மோகன்குமார் இரண்டு வருடமாக மீஞ்சூரில் ஒரு ஆலையில் காண்டிராக்ட் வேலை பார்க்கிறான். சமையலறைக்குள்ளேயே குழாய் வருகிற ஒரு அறையை வாடகைக்குப் பிடித்துவைத்திருக்கிறான். நல்லவன்தான், மனைவி பக்கத்தில் இருக்க வேண்டும் என்று நினைப்பதில் தப்பு ஒன்றும் இல்லை. அவளுக்கோ தீவை விட்டுப் போக மனமில்லை. தன் கையால் செய்கிற தொழில் ஒன்று இங்கே நின்றால் இருந்துவிடலாம் என்று பேச்சு. போன வருடம் கோழி வளர்த்தாள். வெள்ளைக் கழிச்சல் நோயில் ஒரே வாரத்தில் பதினொன்று போயிற்று.

"இந்த தபாவும் போச்சுனா தைக்கு முன்னாடி இங்க வந்துடணும். ஒத்துக்கினது ஞாபகம் கீதா?" என்றது குடத்து மூடி.

"கீது," என்றாள் திரௌபதி.

"கோழியே போடு," என்று பச்சையம்மா ஆரம்பித்தாள். "நாலு பேரு வந்தா அடிச்சு கொழம்பு வைக்கலாம். வாத்த அடிச்சா யாரு துன்றது?"

"எங்க வூட்டுக்கு வா, துன்னுட்டு அப்பால சொல்லு," என்றார் ஆரோக்கியமேரி.

"முட்ட கவுச்சி அடிக்கும்."

"மீனு வித்து சாப்புட்ற ஊர்ல கவுச்சியாம். உன் கோழி மட்டும் இன்னா, எறா தலைய துன்னுட்டு சந்தன முட்டையா போடுது?"

வேதாசலம் சிரித்துவிட்டார். போன், "அங்க இன்னா சிரிப்பு? எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றது.

திரௌபதி இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுக்கொண்டாள். அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. அதை விரல் மடக்காமல், சோற்றைக் கிளறியபடியே சொன்னாள்: "ஐப்பசில தண்ணி ஏறி வருது, கோழிக் கூண்டு நனையுது. வாத்துக்கு அது திருநாளு. கோழிய வெளிய வுட்டா காயப்போட்ட கருவாட்ட கிளறி வுடுது, பக்கத்து வூட்ல சண்ட. வாத்து தண்ணியப் பாத்துட்டா கருவாட்ட திரும்பிக்கூட பாக்காது. ஆனா வாத்துக்கு குடிக்கவும் மூஞ்சி கழுவவும் நல்ல தண்ணி வேணும். கொழாய்த் தண்ணி ஒரு குடம் அதுக்குன்னு எடுத்து வைக்கணும். நான் எடுத்து வப்பேன்."

(அடிக்குறிப்பு, பக்கத்தின் அடியில் இடம் இல்லாததால் இங்கேயே: இதில் எதுவும் அவள் கேள்விப்பட்டுச் சொன்னது இல்லை. ஆரோக்கியமேரியிடம் இரண்டு வாத்தும் பச்சையம்மாவிடம் இரண்டு கோழியும் கேட்டு வாங்கி, இரண்டு மாதம் ஒரே வாசலில் வளர்த்துப் பார்த்திருந்தாள். எதற்கு என்ன கொடுத்தாள், எது எப்போது முட்டையிட்டது என்று அடுப்புச் சுவரில் கரிக்கோடு போட்டிருந்தாள். மழைக்காற்று அடித்த நாட்களுக்குத் தனிக்கோடு. நான் மனு எழுத ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. இவ்வளவு தயாராக இருந்த மனுதாரரை நான் பார்த்ததில்லை.)

"அப்ப வாத்துதானே?" என்று கேட்டு பேனாவைத் திறந்தேன்.

"இருங்க சார்," என்றார் வேதாசலம்.

4. வேதாசலத்தைப் பற்றி ஒரு சந்தேகம்

முதல் பிரதியில் இவரை வில்லனாக எழுதியிருந்தேன். "வேதாசலம் மீசையைத் தடவியபடி" என்றுகூட ஒரு வரி இருந்தது. அவருக்கு மீசையே கிடையாது. அடித்துவிட்டேன்.

ஊர்க்காரர்கள் தங்களுக்குள் வைத்திருக்கும் முறைக்குப் பாடு என்று பெயர். ஊருக்கு முன்னால் ஆழமில்லாத நீர்ப்பரப்பில் நான்கு இடங்கள். (பின்னால் வரும் இடப் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.) எந்த நாளில் யார் எங்கே வலை போடலாம் என்று சீட்டுக் குலுக்கி எடுத்து எழுதிவைப்பார்கள். நாளுக்கு மூன்று இடத்தில் வலை. ஒன்று சும்மா கிடக்கும். அன்றைய பாடு உள்ளவன் இடத்தில் வேறு யாரும் கால்கூட நனைக்கக் கூடாது. பாடு ஆண்கள் பேரில் மட்டும்தான். மோகன்குமார் மீஞ்சூருக்குப் போனபோது தன் பாட்டைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டான்.

அந்த இரண்டு மாதத்தில் ஒருநாள் திரௌபதி ஒரு தவறு செய்தாள். காலையில் வாத்துகளைத் தண்ணீருக்கு ஓட்டினாள். அவை நேராகப் போய் வேதாசலத்தின் வலைக் கழிகளுக்கு நடுவே இறங்கின. அன்றைக்கு அது அவருடைய பாடு. இறால் கலைந்துபோயிற்று. அவர் இரண்டு வாத்தையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இதே வாசலுக்கு வந்து நின்றார்.

"இன்னைக்கு யார் பாடுனு தெரியுமாம்மா?"

"வாத்துக்கு லிஸ்டு படிக்கத் தெரியாதே மாமா."

"உனக்குத் தெரியுமில்ல?"

அவளுக்கு அது சுருக்கென்றது. ஏனென்றால் அவளுக்குத் தெரியும். அவர் வாத்துகளைக் கீழே விட்டார், ஒன்றின் காலில் சுற்றியிருந்த நூல் வலையைக் குனிந்து பொறுமையாகப் பிரித்தார், போய்விட்டார். ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. இப்படி ஒரு மனிதரை வில்லனாக்க எனக்குக் கை வரவில்லை. நெறிமுறை இல்லாமல் இந்த ஏரியில் அமைதி இல்லை என்று அவர் நினைக்கிறார். அது உண்மையும்கூட.

5. மனு

"வாத்து வாங்கினா வெளிய வுடணும். வெளிய வுட்டா தண்ணில எறங்கும். எறங்கினா அது யாரோ ஒருத்தன் பாடு," என்றார் வேதாசலம். "கூண்டுலயே அடச்சி வக்கறதுன்னா கோழியே வாங்கிடும்மா. நான் தடுக்கல. நெலவரத்த சொல்றேன்."

பச்சையம்மா, "நான் அப்பவே சொன்னேன்," என்றாள். போன், "கோழியே போட்டுடுங்க, போட்டு முடிங்க," என்றது. நான் கோழிக் கட்டத்தின் மேல் பேனாவை வைத்தேன்.

திரௌபதி கரண்டியை உலைமூடி மேல் வைத்தாள்.

"மாமா, நாளைக்கு எந்த எடம் சும்மா கெடக்கு?"

அவர் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து, உள்ளே மடித்திருந்த தாளைப் பிரிக்கப் பார்த்தார். அதற்குள் அவளே சொன்னாள்.

"வியாழன் பெரியகால்வா. வெள்ளி சவுக்கடி. சனி நடுமண்ணு. ஞாயித்துக்கெழம ஊர்க்கூட்டம், நாலும் சும்மா. திங்கள் கோரமேடு."

அவருடைய விரல் தாளின்மேல் இறங்கிக்கொண்டே வந்தது. "செவ்வா?"

"மறுபடியும் கோரமேடு. சீட்டுல அடுத்தடுத்து வுழுந்துது. திருப்பி எடுக்கலாமானு நீங்க கேட்டீங்க. ஊரு வேணான்னுட்டுது."

"அது உனக்கு எப்டி தெரியும்?"

"பின்னால நின்னு தண்ணி குடுத்துக்கினு இருந்தேன் மாமா."

அவர் மூன்று வாரம் தாண்டிக் கேட்டார். அவள் சொன்னாள். தன் பேரில் ஒரு நாள்கூடப் பாடு இல்லாத ஒருத்தி, பன்னிரண்டு வருடம் தினமும் கணவன் "நாளைக்கு எங்க?" என்று கேட்கக் கேட்கச் சொல்லிப் பழகியவள், அவன் கேட்பதை நிறுத்தி இரண்டு வருடம் ஆன பிறகும் மனத்தில் வைத்திருந்தாள். போன் லைன் போய்விட்டதோ என்று எட்டிப் பார்த்தேன், போகவில்லை.

"வல இல்லாத எடத்துல வாத்து மேயட்டும்," என்றாள் திரௌபதி. "நானே ஓட்டிக்கினு போறேன், நானே ஓட்டிக்கினு வரேன்."

"பொம்பள பேர்ல பாடு இல்லம்மா."

"பொம்பள பேர்ல நான் கேக்கலயே. வாத்து பேர்ல கேக்கறேன்."

ஆரோக்கியமேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். வேதாசலம் சிரிக்கவில்லை. தாளை மடித்தபடி, "எழுதிக் குடு. நான் ஒருத்தன் சொன்னா ஆவாது. ஊரு சொல்லணும்," என்றார்.

எழுதினோம். பெறுநர்: ஊர்த் தலைவர் மற்றும் ஊரார். பொருள்: வலை இல்லாத இடத்தில் இருபது வாத்துகள் மேய அனுமதி கேட்டல். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூன்றாவது பத்தியில், "நாள் தப்பி வேறு இடத்தில் இறங்கும் வாத்தை, பிடித்தவர் அன்று ஒருநாள் தம் வீட்டில் வைத்துக்கொண்டு, அது இடும் முட்டையையும் எடுத்துக்கொள்ளலாம்," என்று வந்தது.

"முட்டைய எழுதாத," என்றார் வேதாசலம். "முட்டைக்காகவே புடிப்பானுங்க."

அடித்தேன். எந்தப் பக்கம் என்று சொல்லாமலேயே அவர் ஒரு பக்கம் வந்துவிட்டதை அந்த இடத்தில்தான் கவனித்தேன்.

"குஞ்சு பொரிக்க என் கோழிதான் வேணும்," என்றாள் பச்சையம்மா. "வாத்துக்கு அட காக்கற புத்தி கம்மி. ஞாபகம் வச்சிக்கோ."

"அத நம்பித்தான் அண்ணி வாத்து கேக்கறேன்," என்றாள் திரௌபதி. பச்சையம்மா வெயிலிலிருந்து எழுந்து உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

6. டிக்

சிக்கல் இதுதான். படிவம் இன்றைக்கே போக வேண்டும். ஊர் பதில் சொல்வது ஞாயிற்றுக்கிழமை. ஊர் மறுத்தால் இருபது வாத்து உப்புமணலில் நிற்கும். தைக்கு முன்னால் அவள் மீஞ்சூரில் இருப்பாள். கோழி என்றால் அந்தப் பயமில்லை. ஆனால் கரிக்கோடுகள் கோழியைச் சொல்லவில்லை.

"திரௌபதி," என்றது போன். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது. "செவ்வாகெழமைக்கு மறுநாளு எங்க?"

"நடுமண்ணு."

"ம்," என்றது. அப்புறம், "உன் இஷ்டம்."

அவள் பேனாவை என்னிடமிருந்து வாங்கி, வாத்துக் கட்டத்தில் தானே டிக் போட்டாள். கோடு கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஆரோக்கியமேரி படிவத்தை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அலுவலகத்தில் அவரே கொடுத்துவிடுவார்.

7. முடிவுகள்

(அ) ஊர் ஒத்துக்கொள்கிறது. வலை இல்லாத இடமெல்லாம் அன்றன்றைக்கு வாத்தின் பாடு என்று வேதாசலத்தின் தாளில் ஏறுகிறது. இந்த முடிவை எழுதும்போது எனக்குக் கை வேகமாக ஓடியது. அதனாலேயே இதை நம்பவில்லை.

(ஆ) ஊர் மறுக்கிறது. இன்றைக்கு வாத்து, நாளைக்கு யார் யாரோ கேட்பார்கள் என்கிறது. அதுவும் ஒரு நியாயம்தான். திரௌபதி மீஞ்சூருக்கு

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

(இ) வேண்டாம். நான் ஊர்க்காரன் இல்லை. எனக்கு அங்கே வாக்கு கிடையாது. படித்த உங்களுக்கு இப்போது எல்லாம் தெரியும்: கரிக்கோடு, கழிச்சல், கக்கத்தில் வந்த வாத்துகள், செவ்வாய்க்கிழமைக் கோரமேடு. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஓர் இடம் பிடித்து உட்காருங்கள். பின்னால் தண்ணீர்ச் சொம்போடு அவள் நிற்பாள். மனுவைப் படித்து முடித்ததும் தலைவர் உங்கள் பக்கம் திரும்புவார். சொல்லுங்கள்.

8. ஒட்டுதல்

கோந்து இல்லை. உலையிலிருந்து நான்கு பருக்கை எடுத்து உறையின் விளிம்பில் தேய்த்து ஒட்டினேன். ஸ்பீடு போஸ்டில் போக வேண்டும் என்றாள்.

"தலைவர் வூடு நாலாவது வூடு," என்றார் வேதாசலம். "இங்கேர்ந்து கூப்ட்டா கேக்கும்."

"கைல குடுத்தா டிவி மேல வச்சிடுவாரு மாமா. தபால்ல வந்தா கையெழுத்து போட்டு வாங்கணும். பிரிச்சுப் படிச்சுதான் ஆவணும்."

அவர் மதியம் இறாலோடு அக்கரைக்குப் போகிறவர். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு உறையை வாங்கினார். விலாசத்தை ஒரு எழுத்து விடாமல் படித்தார். பிளாஸ்டிக் கவரைத் திறந்து பாட்டுத் தாளின்மேல் அதை வைத்தார். நானும் ஆரோக்கியமேரியும் அவர் படகிலேயே ஏறினோம். பருக்கை இன்னும் ஈரமாக இருந்தது. அது காயட்டும் என்று கவரின் வாயைத் திறந்தே பிடித்துக்கொண்டு, தண்ணீர் தெறிக்காத உயரத்தில் ஒரு கையைத் தூக்கியபடியே, மறு கையால் படகைத் தள்ளினார் வேதாசலம்.