பல் கூச்சம்

மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொல்லி, அடுத்த மாதமே நிச்சயம் என்று நாள் குறித்துவிட்டுத்தான் போனார்கள். ஆனாலும் மாப்பிள்ளையின் அம்மா அபிராமி கேட்ட ஒரு கேள்வி பெண்ணின் அம்மா சாரதாமணியின் மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

"பொண்ணு சிரிக்கவே மாட்டீங்குதுங்களே?"

மகள் ஜனனியின் முன்பற்களில் பழுப்புக் கறை இருந்தது. குண்டடம் கிராமத்தில் சிறு வயதில் குடித்த போர்வெல் தண்ணீரின் வேலை அது. சாரதாமணி ராயபுரத்தில் பனியன் கம்பெனி நடத்துகிறவள். பொட்டுக் கறை இருந்தாலும் பீஸைத் தூக்கி ஓரம் போட்டுப் பழகிய கை.

பல் வெளுக்கும் ஜெல் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தாள். தினம் ஒருமுறை பத்து நிமிடம், ஒரு வாரம் மட்டும் என்று அட்டையில் போட்டிருந்தது. அவள் காலையும் மாலையும் அரை மணி நேரம் போட வைத்தாள். எலுமிச்சைச் சாற்றில் சோடா உப்பைக் குழைத்துத் தேய்க்கவும் சொன்னாள்.

"கூசுதுங்கம்மா, வேண்டாமே," என்றாள் ஜனனி, பத்தாம் நாள்.

"நிச்சயம் வரைக்கும் பொறுத்துக்க கண்ணு."

நிச்சயத்தன்று பற்கள் வெள்ளையாக இருந்தன. பந்தியில் ஐஸ்கிரீமை வாயில் வைத்த ஜனனிக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. என்ன ஏதென்று விசாரித்த அபிராமி, விஷயம் தெரிந்ததும் சங்கடமாகச் சிரித்தார். அவருடைய பற்களிலும் அதே பழுப்பு. பெண் பார்க்க வந்த அன்று மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த சாரதாமணிக்கு அது கண்ணில் படவே இல்லை.

"புள்ள பயந்துக்கிச்சோன்னுதானுங்க கேட்டேன்," என்றார் அபிராமி.

அடுத்த வாரம் முறுக்கைக் கடித்தபோது ஜனனியின் முன்பல் ஓரம் பெயர்ந்து வந்தது. பல் டாக்டர் இந்துமதி விளக்கைத் திருப்பி வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"ஜெல்லை அளவாப் போட்டிருந்தா கூச்சம் சில நாள்ல அடங்கியிருக்குங்க. நீங்க அளவு மீறிட்டீங்க. எலுமிச்சைப் புளிப்பு எனாமலைக் கரைச்சிருச்சு. சோடாவைத் தேய்ச்சதுல இன்னும் தேஞ்சுபோச்சு."

"மறுபடி வளருங்களா டாக்டர்?"

"போனது வளராதுங்க. மிச்சம் இருக்கறத உறுதிப்படுத்தலாம்."

உடைந்த ஓரத்தை அடைத்துவிட்டு, பல்லில் ஃபுளோரைடு பூசினார். அதற்கென்று ஒரு பேஸ்ட்டும் மென்மையான பிரஷ்ஷும் எழுதிக் கொடுத்தார். புளிப்பும் கலர் பானமும் கூடாது. தப்பித் தவறிச் சாப்பிட்டால் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணி கழித்துத்தான் தேய்க்க வேண்டும் என்றார். பிளீச்சிங் கூடினால் துணி இற்றுப்போகும் என்பது சாரதாமணிக்குத் தெரியாததா? இருபது வருடமாகச் சாயப்பட்டறைக்காரரோடு அதற்காகவே மல்லுக்கட்டியவள்.

மூன்று மாதத்தில் கூச்சம் பெரும்பாலும் குறைந்தது. ஆனாலும் ஜனனி கொய்யாவைக் கடித்துத் தின்பதில்லை, நறுக்கித்தான் தின்கிறாள். ஒருநாள் நறுக்கிக் கொடுத்துக்கொண்டே சாரதாமணி கேட்டாள்.

"அம்மா மேல கோவமா கண்ணு?"

"கோவமெல்லாம் இல்லீங்கம்மா. வேண்டாம்னு சொன்னப்பவே விட்டிருக்கலாம்."

சாரதாமணி அடுத்த துண்டை இன்னும் சிறிதாக நறுக்கினாள்.