வாசலில் வெந்நீர்

தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு என்ற எண்ணை யாருடைய கைப்பேசி எண்ணின் தொடக்கமோ என்றுதான் துளசிங்கம் முதலில் நினைத்தார். மின்கட்டணக் குறுஞ்செய்தி என்று தெரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்தபின் எண் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

போன தடவை முந்நூற்று எண்பது யூனிட். ஐந்நூறைத் தாண்டினால் கட்டணம் படி ஏறாது, வேன் பிடித்து மலை ஏறும் என்று வீடுவீடாகப் போய்ச் சொன்னவர் அவர்தான். வள்ளி நகர் குடியிருப்போர் நலச் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்தின் மின்சிக்கனக் குழுவுக்கும் தலைவர். வேறு யாரும் சேராததால் உறுப்பினரும் அவரே. சர்க்கரை ஆலை அலுவலகத்தில் முப்பது வருஷம் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றிருந்தார். கண்காணிப்பு மட்டும் ஓய்வு பெறவில்லை.

"ரஞ்சிதம், நீ இன்னா பண்ண?"

சமையலறையிலிருந்து அவர் மனைவி வந்தாள். மார்கழி பிறந்து ஒரு வாரம். மூட்டுவாதத்தால் விரல்கள் மடங்காமல், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"இன்னா பண்ணேன்? டீ போட்டேன்."

"தொள்ளாயிரத்திப் பன்னெண்டு யூனிட்டு."

"டீக்கா?"

ரஞ்சிதத்துக்குத் தெரிந்து அந்த வீட்டில் மின்சாரத்துக்கு வேலையே இல்லை. ஐப்பசியிலேயே கீசரின் பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சின் மேல் செலோடேப் ஒட்டிவிட்டார். வெந்நீரில்தான் குளிக்க வேண்டும் என்று அரக்கோணம் டாக்டர் சீட்டில் எழுதியே கொடுத்திருந்தார். அதைப் படித்த துளசிங்கம், டாக்டர்கள் எப்போதும் மின்கட்டணத்தைக் கருத்தில் கொள்வதில்லை என்றார். அடுப்பில் காய்ச்சிக்கொள்ளலாமா என்றதற்கு, சிலிண்டரும் எரிசக்தியே என்றார். இரண்டு மாதமாக அவள் பச்சைத் தண்ணீரில் குளித்தாள். குளித்து முடித்து அரை மணி நேரம் புடவைக் கொசுவத்தைப் பிடிக்க முடியாமல் நிற்பாள். அவளுக்கு வேண்டியிருந்தது தினம் ஒரு பக்கெட் வெந்நீர். அதற்கு மேல் அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டில் வெந்நீர் இல்லை என்றும் சொல்ல முடியாது. மொட்டை மாடியில் இருநூறு லிட்டர் சோலார் ஹீட்டர் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து இறங்கிய குழாய் குளியலறைச் சுவரை உரசிக்கொண்டு வந்து, உள்ளே நுழையாமல், நேரே வாசல் கேட்டுக்குப் போனது. உள்ளே விட்டால் டைல்ஸ் உடையும். அதைவிட முக்கியமாக, குளியலறைக்குள் இருக்கும் வெந்நீர் ஊருக்கு எப்படித் தெரியும்? கேட்டை ஒட்டிப் பளபளக்கும் ஒரு குழாய், அதற்கு மேல் பலகை: 'சூரிய தீர்த்தம். மின்சாரம் இல்லாத வெந்நீர். உபயம்: த. துளசிங்கம்.'

போகிறவர் வருகிறவரை நிறுத்தி, விரலை வைக்கச் சொல்வார். வைத்தவர்கள், "ஆங், சுடுது சார்" என்பார்கள். மொட்டை போட்டுச் சந்தனம் பூசி மலைக்கோயிலிலிருந்து இறங்கும், எல்லைக்கு அந்தப்பக்கத்து நகரிக்காரர்களுக்கும் சேதி போய்விட்டது. "வேடிநீள்ளு, வேடிநீள்ளு" என்று தெலுங்கில் வெந்நீரைச் சொல்லி ஒருவரையொருவர் கூப்பிட்டு வரிசையில் நின்றார்கள். தலைக்கு ஒரு சொம்பு. தன் புகழ் மாநில எல்லையைக் கடந்துவிட்டதில் துளசிங்கத்துக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை.

ஒருநாள் ரஞ்சிதம் பக்கெட்டோடு அங்கே போனாள்.

"வெளியூர்க்காரங்க விரல வைக்கச்சொல்ல ஆறிப்போயிருந்தா சங்கத்தோட மானம் இன்னாவறது?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்.

புயல் வந்து நான்கு நாள் விடாமல் பெய்தபோதும் குழாய் சுட்டது. மேகத்துக்குள் சிதறும் ஒளிக்கதிர்களைத் தன் ஹீட்டர் தேடிப் பிடிக்கிறது என்று துளசிங்கம் விளக்கினார். குடை பிடித்து வந்து விரல் வைத்தவர்கள்கூட ஒரு தடவை மேலே பார்க்கவில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டு. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தின் சிக்கன விழா. ஒவ்வொரு வீட்டுக்காரரும் எழுந்து தன் யூனிட்டைச் சொல்ல வேண்டும். அரக்கோணத்திலிருந்து ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் அசோக்குமார் வந்து, துளசிங்கத்துக்கு 'மின்சிக்கனச் செம்மல்' பட்டம் கொடுக்கிறார். குழு ஏகமனதாக எடுத்த முடிவு. இன்று வெள்ளி.

"திருட்டு" என்றார் துளசிங்கம். ஜன்னல் வழியாக எதிர்வீட்டைப் பார்த்தார். எதிர்வீட்டுத் தபிதாள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"சார், வேவு பாக்கறதுன்னா உள்ள வந்து பாருங்க. எங்கூட்டுல ஒரு ஃபேனு, அதுவும் ஓடாது" என்றாள் தபிதாள்.

வயர்மேன் ஹயாத் பாஷாவை வரவழைத்தார்கள். வந்தவர் மீட்டரைப் பார்த்தார், துளசிங்கத்தைப் பார்த்தார்.

"ஊட்ல இருக்கிற எல்லாத்தயும் ஆஃப் பண்ணுங்க சார். ஃப்ரிட்ஜு, மோட்டாரு, சாமி ரூமு பல்பு, எல்லாம்."

அணைத்தார்கள். வீடு இருண்டது. மீட்டரில் சிவப்பு விளக்கு விடாமல் கண்ணடித்துக்கொண்டே இருந்தது. ரஞ்சிதம் சுவரைப் பிடித்துக்கொண்டாள். யாருமில்லாத வீட்டில் யாரோ சாப்பிடுவதைப் பார்ப்பது போலிருந்தது.

"நான் சொல்லல?" என்றார் துளசிங்கம். "எவனோ கொக்கி போட்டுக்கினு இருக்கான்."

"மீட்டருக்கு இந்தாண்ட ஓடுது சார். உங்க ஊட்டுக்குள்ளதான்." பாஷா வயரைக் கண்ணால் தொடர்ந்துகொண்டே படியேறினார். மற்ற இருவரும் பின்னால் ஏறினார்கள்.

மாடி அறையில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் சட்டம் சுவரில் சாய்ந்திருந்தது. ஹீட்டர் திறப்புவிழாவுக்கு அடித்தது. துளசிங்கம் கைகூப்பிச் சிரிக்க, அவர் தலைக்குப் பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. 'மின்சாரம் எதற்கு? சூரியன் இருக்கு.' பாஷா சட்டத்தை நகர்த்தினார். பின்னால் ஒரு பெரிய சுவிட்ச். அதில் விளக்கு சிவப்பாக எரிந்தது.

"இது இன்னா சார்?"

துளசிங்கத்துக்கு நினைவு வந்தது. திறப்புவிழா அன்று காலையிலிருந்து மழை. தண்ணீர் சில்லென்று இருந்தது. டாங்குக்குள் தண்ணீரைச் சூடாக்கும் ஒரு காயில் இருக்கிறது, ஒரு மணி நேரம் கரண்டில் போட்டால் போதும் என்று ஹீட்டர் மாட்டிய பையன் சொன்னான். போட்டவர் துளசிங்கம்தான். விழா முடிந்து ஃப்ளெக்ஸைக் கொண்டுவந்து சாய்த்தவரும் அவர்தான்.

"ரெண்டு மாசமா காயில் ஓடிக்கினு இருக்குது" என்றார் பாஷா. அவர் தொழிலில் எத்தனையோ பார்த்தவர். இருந்தும் தலையில் இருந்த தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார். "கீழ மொட்டைங்க ரொப்பிக்கினு போறாங்க, மேல இது காய்ச்சிக்கினே கீது. சார், நாலு நாளு சூரியனே இல்ல. எப்பிடி சுடுதுன்னு ஒருத்தருமா கேக்கல?"

சுவிட்சை அணைக்கக் கை வைத்தார். துளசிங்கம் அந்தக் கையைப் பிடித்தார்.

"பாய், ஞாயித்துக்கிழம வரைக்கும் இருக்கட்டும்."

"இன்னா சார் சொல்றீங்க?"

"சீஃப் கெஸ்ட்டு விரல் வைப்பாரு. வெளிய ஒரே மப்பு. சுடலன்னா நான் எங்க போயி நிக்கறது? நீங்களும் காலைல வந்து கூட இருங்க."

படியில் நின்றிருந்த ரஞ்சிதம் மெதுவாகச் சொன்னாள்.

"அப்போ ரெண்டு மாசமா மேல இருநூறு லிட்டரு கொதிச்சிக்கினு இருந்துது."

"ரஞ்சிதம், அத அப்பிடிப் பாக்கக்கூடாது."

"நான் கீழ பச்சத்தண்ணில குளிச்சிக்கினு இருந்தேன்."

"கொள்கை வேற, நடைமுறை வேற."

ரஞ்சிதம் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பிறகு படிக்கட்டுக் கைப்பிடியை மணிக்கட்டால் அணைத்தபடி இறங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை விழா பத்து மணிக்கு. ஏழரைக்குத் துளசிங்கம் பந்தல்காரனோடு தகராறு செய்யத் தெருமுனைக்குப் போனார். ரஞ்சிதம் எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"தபிதா, கொஞ்சம் வாயேன். என்னால பக்கெட்டு தூக்க முடியாது."

தபிதாள் இரண்டு பக்கெட், ஒரு அண்டா, துணி ஊறவைக்கும் தொட்டி எல்லாவற்றையும் வாசல் குழாயில் பிடித்துப் பிடித்துக் குளியலறைக்குள் வைத்தாள். "அக்கா, கை வைக்க முடில. இம்மாஞ் சூட்ட வெச்சிக்கினா சார் உன்ன வாட்டிக்கினு இருந்தாரு?" என்றாள். மிச்சமிருந்ததை ரஞ்சிதம் அவள் வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னாள்.

ஒன்பது மணிக்குத் துளசிங்கம் திரும்பினார். வாசல் ஈரமாக இருந்தது. குழாயைத் திறந்தார். விரலை வைத்தார். பிறகு குளியலறைக் கதவைத் தட்டினார்.

"ரஞ்சிதம், தண்ணி இன்னாச்சி?"

உள்ளே சொம்புத் தண்ணீர் சாவகாசமாக விழும் சத்தம்.

"ரஞ்சிதம், திருப்பிக் காய நாலு மணி நேரம் ஆவும்."

"இன்னும் தலைக்கு ஊத்தல. அப்புறம் வாங்க."

முதல்வர் அசோக்குமார் பத்து மணிக்கே வந்துவிட்டார். நேரம் தவறாமை பற்றி அரக்கோணத்தில் நூல் எழுதியவர். மாலை போட்டு வாசல் குழாய்க்கு அழைத்துவந்தார்கள். தெருவே கூடியிருந்தது. துளசிங்கம் மேகமூட்டம் பற்றி ஒரு விளக்கத்தை உதட்டில் தயாராக வைத்திருந்தார். முதல்வர் விரலை நீட்டினார். மலைக்காற்று பட்டு ஜில்லிட்ட தண்ணீர். அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது. பலகையைப் படித்தார். எதிரே நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"நல்ல சூடு" என்றார்.

அடுத்து நின்ற சங்கச் செயலாளர் சுப்பிரமணி விரலை வைத்து, "ஆங், போன வாரத்தவிட ஜாஸ்தி" என்றார். அடுத்தவர் விரலைச் சட்டென்று இழுத்து ஊதிக்கொண்டார். துளசிங்கம் வாய் திறந்தபடி நின்றார். தானும் விரலை வைத்துப் பார்த்தார்; சில்லென்றுதான் இருந்தது. இத்தனை நாளும் சுட்டதாகச் சொன்னவர்களில் எத்தனை பேருக்கு உண்மையாகவே சுட்டது என்று அவருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

அப்போது ரஞ்சிதம் வெளியே வந்தாள். தலையில் துண்டு. முகம் சிவந்து, கழுத்திலிருந்து இன்னும் ஆவி போய்க்கொண்டிருந்தது. கொசுவம் வரிசையாக மடிந்திருந்தது.

"அம்மா, நீங்களும் இந்தத் தீர்த்தத்துலதான் குளிக்கிறீங்களா?" என்று முதல்வர் பரிவோடு கேட்டார்.

"இன்னிக்குத்தாங்க மொத தடவ. மொத்தத்தயும் நானே ஊத்திக்கினேன். உங்களுக்கு வர்றது பச்சத்தண்ணி. சுடுதண்ணி வேணும்னா மதியமா வாங்க, மேல கரண்டுல காஞ்சிக்கினு இருக்குது."

முதல்வர் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். ஊதிக்கொண்டவர் விரலை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"சார், யூனிட்டு சொல்ற நிகழ்ச்சிய ஆரம்பிக்கலாமா?" என்றாள் தபிதாள். "நம்முது நூத்தி முப்பது. உங்களுது?"

"தொள்ளாயிரத்தி..." என்று தொடங்கிய துளசிங்கம் தொண்டையைச் செருமினார். கேட்டது சரிதானா என்று கூட்டத்தில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ரஞ்சிதம் அதைக் கேட்க நிற்கவில்லை. துளசிங்கம் சொன்னபடி காலையிலேயே வந்திருந்த பாஷாவைக் குளியலறைக்குள் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினாள். அந்தாண்டை சோலார் குழாய் இறங்கும் இடத்தைப் பாஷா தட்டிப் பார்த்தார்.

"மேல காயில அமத்திட்டு வர்றேம்மா. வெயில் வந்தா அதுவே காயும், மப்பு நாள்ல மட்டும் அர மணி போடுங்க. ஆனா இங்க நாலு டைல்ஸ் போவும்."

"போவட்டும் பாய். சுத்திய எடுங்க."