பதிமூன்று அடுக்கு

சோற்றை வடித்து இறக்கியபோது பானை ஆடியது. அடியில் கிடந்தது, பள்ளி மேடை வேலையில் மிஞ்சிய பிளைவுட் துண்டு. நான்கு நாட்களாகப் பானைக்கு அதைத்தான் போட்டிருந்தேன். கஞ்சி பட்டு ஓரம் உப்பியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். மேல் அடுக்கு நனைந்த அட்டைபோலக் கையோடு வந்தது.

உள்ளே வெளுத்த, பஞ்சு போன்ற மரம். நடுவில் தீக்குச்சி நுழையும் அளவுக்கு ஒரு சந்து.

அடுக்குகளை எண்ணினேன். ஏழு. மறுபடி எண்ணினேன். ஏழுதான்.

பிர்ச் என்ற கெட்டியான வெளிநாட்டு மரத்தில் பதினெட்டு மில்லிமீட்டர் பலகை என்றால் பதிமூன்று இருக்க வேண்டும்.

மணி எட்டு இருபது. தல்லாகுளத்தில் ஒரு மழலையர் பள்ளியில் ஒன்பது மணிக்குப் புது விளையாட்டு அறையைத் திறக்கிறார்கள். அதில் நான் செய்த மேடை நிற்கிறது. நாலரை அடி உயரம். ஒரு பக்கம் ஏணி, மறுபக்கம் சறுக்கு. பிர்ச் பலகையே பாரத்தைத் தாங்கும் என்று அடியில் குறுக்குச் சட்டம் கொடுக்கவில்லை. கீழே பிள்ளைகள் உட்கார இடம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

தலைமையாசிரியை தாமரைச்செல்விக்கு போன் அடித்தேன். எடுக்கவில்லை. மூன்று முறை அடித்துவிட்டு வண்டியை எடுத்தேன். பழங்காநத்தத்திலிருந்து எந்த வழியாகப் போனாலும் அந்த நேரத்தில் நெரிசல்தான்.

கோரிப்பாளையம் சிக்னலில் நின்றபோது அப்துல் வஹீது பாய்க்கு அடித்தேன். ஆரப்பாளையத்தில் பிளைவுட் கடை வைத்திருப்பவர்.

"பாய், போன வாரம் குடுத்த ஷீட்டு பிர்ச்சா?"

"பிர்ச்சுதான் தம்பி. மேலயும் கீழயும் பிர்ச்சு."

"உள்ள?"

"உள்ள பாப்ளர், லேசு மரம். ஆறாயிரத்து ஐநூறுக்கு வேறென்ன வரும்? முழுசுன்னா பதினோராயிரம் ஆகுதுல்ல. கப்பல்ல வாரது குறைஞ்சதுலருந்து அம்புட்டு வெல."

"நீங்க சொல்லலயே."

"நீங்க கேக்கலயே தம்பி. ரோகிணி வந்தா ஓரத்த நகத்தால கீறி, எண்ணிப் பாத்துட்டுத்தான் வண்டில ஏத்தும். அது வாரதப் பாத்தாலே கடைப் பயலுக ஓடி ஒளிவானுக. நீங்க போன்ல சொல்லிட்டு வச்சிட்டீங்க." பிறகு கேட்டார். "ஏன், அலமாரிக்குத்தான?"

"பிள்ளைங்க ஏறி வெளையாட."

"யா அல்லா" என்றார். "எறக்கிருங்க தம்பி. ஒரு ஆளையும் ஏற விடாதீங்க. நானும் வாரேன்."

பச்சை விழுந்தது.

ரோகிணி என் மனைவி. இறந்து எட்டு மாதமாகிறது. காய்ச்சல் என்று படுத்தாள், ஆறாம் நாள் இல்லை. நான் அறுப்பேன், பூட்டுவேன். மரம் வாங்குவது அவள். அவள் போன பிறகு கடைக்கே போகவில்லை. விலை குறைவாக இருந்ததைக்கூட ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை.

இதில் இன்னொன்றும் உண்டு. பிர்ச் பலகையின் ஓரத்தில் அடுக்குகள் கோடு கோடாகத் தெரியும். அதற்காகவே விரும்பி வாங்குகிறவர்கள் உண்டு. பள்ளியிலோ, அரைகுறை வேலை மாதிரி இருக்கும், மூடிவிடுங்கள் என்றார்கள். பலகையின் நாலு ஓரத்துக்கும் நானே வெள்ளை டேப் ஒட்டினேன். இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டி, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி. ஒவ்வோர் அங்குலமும் என் விரலுக்குக் கீழேதான் போயிற்று. நான் பார்க்கவில்லை.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்பது ஐந்து. வாசலில் பலூன். அறை நிறையப் பெற்றோர், கையில் போன். மேடையில் பிள்ளைகள் ஏறிவிட்டிருந்தார்கள். ஒன்பது பேர். நடுவில் நின்று குதித்துக்கொண்டிருந்தார்கள். குதிக்கக் குதிக்கப் பலகை கீழே போய் வந்தது.

கத்தினால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே பக்கம் ஓடும். கத்தாமல் தாமரைச்செல்வியின் அருகில் போனேன்.

"மேடம், பலகை சரியில்ல. உடையும். ஒவ்வொருத்தரா சறுக்குல எறக்குங்க. சிரிச்சிக்கிட்டே சொல்லுங்க."

என் முகத்தைப் பார்த்தார். கையைத் தட்டினார். "செல்லங்களா, குதிக்காம எல்லாரும் உக்காருங்க பாப்போம். மிஸ் பேர் சொன்னா, அவங்க மட்டும் சறுக்கி வரணும்."

நான் மேடைக்கு அடியில் நுழைந்தேன். குனிந்து, இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, முதுகைப் பலகையின் நடுவில் கொடுத்தேன்.

"என்னங்க, மேஸ்திரியும் வெளையாட வந்துட்டாரு" என்றார் ஒரு அப்பா. சிலர் சிரித்தார்கள்.

தலைக்கு மேலே டிக் என்று ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. உள்ளே ஏதோ ஓர் அடுக்கு விட்டுப்போகிற சத்தம். கால் நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் பலகைக்கும் போய்விடுமோ என்று பயந்தேன்.

ஒவ்வொரு பெயருக்கும் பாரம் கொஞ்சம் குறைந்தது. எட்டுப் பேர் இறங்கிவிட்டார்கள். ஒன்பதாவது பாரம் மட்டும் நகரவில்லை.

"மீனா, வாடா தங்கம்" என்றார் தாமரைச்செல்வி.

"மாட்டேன். சறுக்கு பெருசா இருக்கு."

குரல் என் முதுகுக்கு நேர் மேலே இருந்து வந்தது. அவளுடைய அம்மா ஏணியில் ஏறப் போனார். "ஏறாதீங்க" என்று அடியிலிருந்து சொன்னேன். அவர் நின்றுவிட்டார். அறையில் சிரிப்பும் நின்றுவிட்டது.

"கீழ யாரு?" என்றாள் மீனா.

"நாந்தான். இதச் செஞ்ச மாமா."

"ஏன் உங்க குரல் ஆடுது?"

"பயமா இருக்கு."

"எனக்கும்."

"சரி. ரெண்டு பேரும் ஒண்ணா போவோம். எந்திரிக்காம நகரு. நீ நகர நகர நான் கீழ வாரேன்."

அவள் நகர்ந்தாள். பலகையில் அந்தச் சின்னப் பாரம் போகும் பக்கமாக நானும் முதுகை உரசிக்கொண்டு நகர்ந்தேன். டிக். அவள் நின்றாள், நானும் நின்றேன். மறுபடி நகர்ந்தாள். பிறகு முதுகின் மேல் ஒன்றும் இல்லை. சறுக்கு முடியும் இடத்தில் அவளுடைய அம்மாவின் அழுகை கேட்டது.

வெளியே வந்தும் நிமிர முடியவில்லை. மேடையின் ஓரத்து டேப்பை நகத்தால் நெம்பிக் கிழித்தேன். நடுப்பகுதியில் மூன்றாம் அடுக்கும் நான்காம் அடுக்கும் வாய் பிளந்திருந்தன.

"என்ன ஆச்சு சார்?" என்றார் தாமரைச்செல்வி. பெற்றோர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இது பிர்ச் இல்ல மேடம். ஏழு அடுக்குதான். வாங்கும்போது நான் எண்ணிப் பாக்கல."

பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அப்போதே கழற்றிவிட வேண்டும் என்றிருந்தது. முனை ஸ்க்ரூவில் உட்காரவில்லை. மூன்று முறை வழுக்கியது. மேஸ்திரி என்று கேலி செய்த அந்த அப்பா வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இப்பத் திருப்புங்க" என்றார்.