அப்பா கையால் ஒரு ரொட்டி

காலை வியாபாரம் ஓய்ந்திருந்தது. கடைசி ஈடு பன்களை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு, ரொட்டிக்காரர் மாவு பிசையும் மேசையைத் துடைக்க ஆரம்பித்தார். மகளுக்காகத் துடைப்பதால் வழக்கத்தைவிட அழுத்தித் துடைத்தார். எந்தத் துணியால் என்றால், விடிந்ததிலிருந்து கோதுமை மாவைத் துடைத்துக்கொண்டிருந்த அதே துணியால்தான். பிறகு அரிசி மாவை எடுத்து, ஆணியில் தொங்கிய சல்லடையில் சலித்தார். கடை திறந்த நாள் முதல் அந்தச் சல்லடை கோதுமை மாவைத் தவிர வேறொன்றைக் கண்டதில்லை.

"குருவி! இறங்கி வாம்மா, உன் ரொட்டி இதோ ஆயிடும்."

கீழே கடை, மேலே வீடு. நடுவில் உள்ளுக்குள்ளேயே ஒரு படிக்கட்டு. குருவி கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். வயது பதின்மூன்று; பார்த்தால் ஒன்பதுதான் சொல்லலாம். சிறு வயதிலிருந்தே நோஞ்சானாக இருந்ததால் அப்பா ஆசையாக அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார். பிள்ளை வளராமல் இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இவர்கள் செல்லப் பெயர் வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள்.

சில மாதங்களுக்கு முன் பள்ளிக்கூடத்தில் லேசாகத் தடுக்கி விழுந்ததற்கே அவள் மணிக்கட்டு முறிந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இந்தச் சின்ன அடிக்கு எலும்பு முறியுமா என்று டாக்டரம்மாவுக்குச் சந்தேகம். இரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். சீலியாக் நோய் என்றார்கள். கோதுமை, பார்லி போன்றவற்றில் குளூட்டன் என்று ஒரு புரதம் இருக்கிறது. அதை எதிரியென்று நினைத்து எதிர்க்கப்போய், இவள் உடம்பு சொந்தக் குடலையே புண்ணாக்கிக்கொள்கிறது. அதனால்தான் தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. இதற்கு மாத்திரை கிடையாது. ஆயுசுக்கும் அதைத் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

"துளிகூடச் சேரக்கூடாதுங்க. தனிப் பாத்திரம், தனிச் சல்லடை, தனித் துணி வைங்க. நீங்க பேக்கரி வேற வெச்சிருக்கீங்க. மாவு காத்துல பறந்து வந்து தட்டுல விழுந்தாலும் ஆபத்துதான்" என்று டாக்டரம்மா நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

ரொட்டிக்காரர் நன்றாகத் தலையாட்டினார். வெளியே வந்ததும் மனைவியிடம், "இவங்க இப்படித்தான் பயமுறுத்துவாங்க. காத்துல பறக்குற மாவு ஆளைக் கொல்லுமா? நான் இருபது வருஷமா மூச்சுக்கு மூச்சு மாவைத்தான் இழுக்கறேன். எனக்கு என்ன ஆயிடுச்சு?" என்றார்.

மகள்மேல் பாசம் இல்லாதவர் என்று யாரும் சொல்ல முடியாது. அன்றைக்கே வீட்டுச் சமையலறையிலிருந்து கோதுமையை ஒழித்துக் கட்டினார். அரிசி மாவில் ரொட்டி செய்யக் கற்றுக்கொண்டார். அது முதலில் கல்லாக வந்தது, பிறகு களியாக வந்தது. கடைசியில் ஒரு மாதிரி ரொட்டியாகவே வந்துவிட்டது. ஊட்டிவிடும்போது அவருக்கு அத்தனை பெருமை.

ஆனால் குருவிக்கு வலி குறையவில்லை.

"அப்பா, இன்னிக்கும் வயிறு வலிக்குதுப்பா."

"எப்படி வலிக்கும்? நான்தான் கோதுமையைக் கண்ணுலயே காட்டலையே. உண்மையைச் சொல்லு, கடையில எடுத்துத் தின்னியா?"

"இல்லப்பா."

"பள்ளிக்கூடத்துல யாராச்சும் குடுத்தாங்களா?"

"சத்தியமா இல்லப்பா."

"அப்ப வலி என்ன வானத்துல இருந்தா குதிச்சுது?"

வலிக்கிறது என்று சொல்லும்போதெல்லாம் இதே விசாரணைதான். சாப்பிட உட்கார்ந்தாலும் கேட்டார், படிக்க உட்கார்ந்தாலும் கேட்டார். போதாக்குறைக்கு வாடிக்கையாளர்கள் முன்னாலும் கேட்டார். எதிர்க்கடைத் தையல்காரர் ரொட்டி வாங்க வந்தபோது, "நம்ம வீட்ல ஒரு திருட்டுக் குருவி வளருதுங்க" என்று அவளைக் காட்டிச் சொன்னார். தையல்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார். குருவி நோட்டுப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் அவர் மறுபடி ஆரம்பித்ததும் அவள், "ஆமாப்பா, தின்னேன்" என்றாள்.

"அப்படி வா வழிக்கு! என்ன தின்ன?"

அவள் பார்வை கண்ணாடி அலமாரி முழுக்க அலைந்தது. "கிரீம் பன்னு."

"எங்க வெச்சுத் தின்ன?"

"படியில உக்காந்து."

ரொட்டிக்காரர் மேற்கொண்டு திட்டவில்லை. மகள் திருடிவிட்டாளே என்ற வருத்தத்தைவிட, தன் ரொட்டிமேல் குற்றமில்லை என்ற நிம்மதிதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. இரவு சாப்பிடும்போது மனைவி மெதுவாக, "அவளுக்குக் கிரீமே புடிக்காதேங்க, வாசனை வந்தாலே மூக்கைப் பொத்திப்பாளே" என்றாள்.

"திருடித் தின்னவளுக்குப் புடிச்சது என்ன, புடிக்காதது என்ன? நீ செல்லம் குடுத்துதான் இந்த நிலைமை" என்று அவள் வாயை அடைத்தார்.

பள்ளிக்கூட விடுமுறை வந்தது. இனி இவளைக் கண்பார்வையிலிருந்து விடுவதில்லை என்று ரொட்டிக்காரர் முடிவு கட்டினார். மாவு மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு முக்காலி போட்டு, காலையிலிருந்து கடை சாத்தும்வரை அங்கேயே உட்காரவைத்தார். பிசையும் மெஷினில் மாவைக் கொட்டும்போதெல்லாம் வெள்ளையாகப் புகை எழுந்து அவள் தலையிலும் மடியிலும் படிந்தது. "மாவுக் குருவி ஆயிட்டியே" என்று சிரித்துக்கொண்டே தட்டிவிடுவார். பசி வேளையில் மாவுக் கையை இடுப்புத் துண்டில் துடைத்துவிட்டு, அரிசி ரொட்டியைப் பிய்த்து வாயில் ஊட்டுவார். அவள் கையால் ஒரு வாய்கூட எடுக்க விடவில்லை.

குருவி இப்போதெல்லாம் வலிக்கிறது என்று சொல்வதில்லை. அதைத் தன் காவலுக்குக் கிடைத்த பலன் என்று அப்பா நினைத்துக்கொண்டார். வாரினால் சீப்போடு முடி வந்தது. படியேற முடியாமல் நடுப்படியில் உட்கார்ந்துவிடுவாள். விடுமுறை முடியப்போகும் சமயத்தில் ஒருநாள், ஊட்டிய ரொட்டி வாயில் இருக்கும்போதே முக்காலியிலிருந்து சரிந்து விழுந்தாள். மாவுக் கையோடு அள்ளித் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டரம்மாவின் முகம் இறுகிவிட்டது. "முதல் தடவை வந்தப்ப இருந்ததைவிட இப்ப மோசமா இருக்கு. உடம்புல இரத்தமே இல்ல. என்ன சாப்பிடறா இவ?"

ரொட்டிக்காரர் பதிலைத் தயாராக வைத்திருந்தார். "திருட்டுத்தனமா பன்னு தின்னுட்டா டாக்டர். அவளே ஒத்துக்கிட்டா."

"எப்ப?"

"அது லீவுக்கு முந்தி. அதுக்கப்புறம் நான் விடுவேனா? லீவு முழுக்க என் பக்கத்துலதான். மேசைக்கிட்டயே உக்காரவெச்சு, ஒவ்வொரு வாயும் நானே என் கையாலதான் ஊட்டினேன். வேற யாரு கையாலயும் ஒரு பருக்கை உள்ள போகல."

டாக்டர்கள் முன்னால் வாயே திறக்காத அவர் மனைவி தலை நிமிர்ந்தாள்.

"அப்ப யாருங்க குடுத்தது?"

டாக்டரம்மா ரொட்டிக்காரரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்களிலும் முழங்கை மடிப்பிலும் மாவு காய்ந்துபோயிருந்தது. "சல்லடை தனியா வாங்கினீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். ரொட்டிக்காரர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். திருடு போகிறதென்று மகளைக் காவல் காத்தவர், இத்தனை நாளும் தன் கையாலேயே அவளுக்கு விஷம் ஊட்டியிருக்கிறார்.

கட்டிலில் குருவி கண் விழித்திருந்தாள். கையில் ஊசிக் குழாய்.

"பன்னு தின்னேன்னு ஏம்மா சொன்ன?" என்று ரொட்டிக்காரர் கேட்டார்.

அவள் குரலில் கோபம் இல்லை. "இல்லைன்னு சொன்னா திட்டுனீங்க. ஆமான்னு சொன்னதும் நிறுத்திட்டீங்க."

"அப்புறம் வலிக்குதுன்னு ஏன் சொல்லவே இல்ல?"

"சொன்னா மறுபடி கேப்பீங்களேப்பா."

அவள் தலையைத் தடவக் கையை நீட்டினார். பாதியிலேயே கையை இழுத்துக்கொண்டு, அங்கேயே சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த தெருவில் ஒரு சின்ன வீடு பார்த்து, புதுப் பாத்திரங்களோடு மனைவியையும் மகளையும் அங்கே குடிவைத்தார். கடை வேலை முடிந்ததும் பின்கட்டில் தலையோடு குளித்து, துணி மாற்றிக்கொண்டுதான் அந்த வீட்டுப் பக்கம் போகிறார். குருவிக்கு வலி விட்டுவிட்டது. முடி கொட்டுவது நின்று, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. விட்டுப்போன உயரம் முழுசாகத் திரும்ப வருமா என்பதை மட்டும் டாக்டரம்மாவால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அப்பாவின் நகங்களை அவள் பார்ப்பாள். தட்டை எடுத்து நீட்டினால், "அங்க வெச்சிடுங்கப்பா, நானே எடுத்துக்கறேன்" என்பாள். அவர் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வார்.

பல நாள் வெளியூர் போயிருந்த தையல்காரர் ஒரு காலை கடைக்கு வந்தார். காலியாக இருந்த முக்காலியைப் பார்த்துவிட்டு, "என்னங்க, உங்க வீட்டுத் திருட்டுக் குருவியைக் காணோம்?" என்று சிரித்தார்.

ரொட்டிக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த நூலை அப்படியே விட்டுவிட்டார்.

"அவ திருடலைங்க. ஒருநாளும் திருடல. மேசையைத் துடைச்ச துணியில மாவு இருந்துது, சல்லடையில இருந்துது, எல்லாத்துக்கும் மேல என் கையில இருந்துது. அவ வலிக்குது வலிக்குதுன்னு சொன்னா, நான் அவ பொய் சொல்றான்னு சொன்னேன். நீங்களும் நானும் சேர்ந்து சிரிச்சோம்."

தையல்காரரின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"உங்க வீட்லயும் பிள்ளைங்க இருக்கு, அதனால சொல்றேன். இந்த நோய்க்குக் கொஞ்சம்னு ஒண்ணு கிடையாது. டாக்டர் துளிகூடக் கூடாதுன்னா துளிகூடக் கூடாதுதான். நம்ம அனுபவத்தை அங்க கொண்டுபோய் நுழைக்கக் கூடாது. அதைவிட முக்கியம், வீட்ல ஒருத்தர் வலிக்குதுன்னு சொன்னா முதல்ல நம்புங்க. காரணத்தை அப்புறம் தேடிக்கலாம்." விட்ட நூலை அவர் மறுபடி கையில் எடுத்தார். "நானும் தேடினேங்க. அவ பையில தேடினேன், படிக்கட்டுல தேடினேன். என் கையை மட்டும் நான் பாக்கல."