இரவல் தொண்டை

நாவலை ஒலிநூலாகப் போடலாம் என்று பதிப்பாளர் வந்தபோது, "எழுதினவங்களே படிச்சா நல்லா எடுபடும் மேடம்" என்றார்.

"வேணாம். என் குரல்ல வரட்டும்" என்றாள் நடிகை.

பதிப்பாளர் விழித்தார். அவள் சொன்ன குரல் இன்னொரு பெண்ணுடையது. படங்களில் அவளுக்காகப் பேசியவள் அந்தப் பெண். நடிகையின் சொந்தத் தொண்டையிலிருந்து வருவது கரகரத்த, மூக்கடைத்த சத்தம். முதல் படத்தின் இயக்குநர் அதைக் கேட்டுவிட்டு, "வாயை மட்டும் அசைம்மா, போதும்" என்று முடித்துவிட்டார். மேடைகளில் அவள் சிரித்துக் கையசைத்துவிட்டு இறங்கிவிடுவாள். ஜனங்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நாயகி வேடம் போய், அண்ணி வேடம் வந்து, அம்மா வேடமும் நின்றபின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் எழுத ஆரம்பித்தாள். ஒரு நடிகையின் கதை. புத்தகம் வந்ததும் கொண்டாடினார்கள். 'தன்னைத்தானே தோலுரித்துக்கொள்ளும் துணிச்சல்' என்று ஒரு விமர்சகர் எழுத, அடுத்த பதிப்பின் அட்டையிலேயே அந்த வரியைப் போட்டார்கள். வீட்டுக்கு வந்த பிரதிகளை அவள் அட்டை தெரியாமல் கவிழ்த்தே வைத்தாள். காரணம் பதினோராவது அத்தியாயம்.

அதில் நாயகிக்குப் பின்னணி பேசும் ஒருத்தி வருகிறாள். புத்தகத்தில் அவளுக்கு ஓட்டைவாய் என்று பெயர். எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பவள். நாயகியின் புகழெல்லாம் தன்னால்தான் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிபவள். நாயகி ஒரு படத்தில் துணிந்து சொந்தக் குரலில் பேசி விருது வாங்குகிறாள். பிழைப்புப் போன ஓட்டைவாய் நாயகி வீட்டுக்கு வந்து, சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள்.

நடந்தது நேர்மாறு. சொந்தக் குரலில் பேசிப் பார்த்தது மட்டும் உண்மை. வெளியீட்டுக்கு முன் சிலருக்குப் போட்டுக் காட்டியபோது, அவள் சாகிற காட்சியில் அரங்கமே சிரித்தது. தயாரிப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மறுபடி பேசித்தரச் சொல்லி ஆள் அனுப்பினால் குரல்காரி வர மறுத்துவிட்டாள். 'கூலிக்குக் கத்துறவங்க இனிமே எனக்குத் தேவையில்ல' என்று நடிகை அதற்கு முன் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொல்லியிருந்தாள். கடைசியில் குரல்காரி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதது நடிகைதான். விருது வாங்கியதும் குரல்காரி பேசிக்கொடுத்த அந்தப் படத்துக்குத்தான்.

இவ்வளவையும் தலைகீழாக எழுதிவிட்டு அதே பெண்ணை எந்த மூளையோடு கூப்பிட்டோம் என்று அவள் பிறகு தன்னையே கேட்டுக்கொண்டாள். பதில் கேவலமாக இருந்தது. குரல் வேண்டும் என்றுதான் நினைத்தாள். குரலோடு ஓர் ஆளும் வருவாள், அந்த ஆள் எழுத்தைப் படிப்பாள் என்பது தோன்றவேயில்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் குரல்காரி மைக்குக்கு முன் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டியபோதுதான் உறைத்தது.

"புக்கை முன்னாடியே படிச்சுட்டீங்களாக்கா?" என்று ஒலிப்பதிவாளர் கேட்டார்.

"படிக்கவே மாட்டேன்பா. டப்பிங்லயும் அப்படித்தான். அடுத்த சீன்ல புருஷன் சாவான்னு தெரிஞ்சா இந்த சீன்லயே தொண்டை அடைச்சுக்கும். வரியப் பாக்கணும், பேசணும், மறந்துடணும்."

நடிகைக்கு மூச்சு வந்தது. அப்படியானால் இன்னும் தெரியாது. ஒலிப்பதிவாளருக்குப் பின்னால் கிடந்த சோபாவில் தினமும் வந்து உட்கார்ந்துகொண்டாள். குரல்காரி படிக்கப் படிக்க, தான் எழுதிய சாதாரண வாக்கியம்கூட நன்றாக இருந்தது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு குரல் கொடுத்தாள். தயாரிப்பாளர் வந்தால் மூச்சிரைத்தது, நாயகியின் அப்பா வந்தால் வெற்றுச் சவடால் அடித்தது. ஒலிப்பதிவாளர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பத்தாவது அத்தியாயம் முடிந்ததும் நடிகை எழுந்தாள். உள்ளே பேசுவதற்கான பொத்தானை அழுத்தினாள்.

"அக்கா, தொண்டை களைச்சிருக்கும். அடுத்த அத்தியாயத்தை விட்டுடலாம். அது கதைக்கு அவ்வளவா தேவையில்ல."

"என் தொண்டைக்கு என்ன? உங்க தொண்டைதானே அது, நல்லாத்தான் இருக்கு" என்றாள் குரல்காரி.

"விட முடியாது மேடம். ஒரு வரி குறையக்கூடாதுன்னு பதிப்பகத்துல சொல்லிட்டாங்க" என்றார் ஒலிப்பதிவாளர்.

"ஏன் ஹீரோயின், கெட்ட வார்த்தை ஏதாவது எழுதி வெச்சிருக்கீங்களா? நான் பேசாத கெட்ட வார்த்தையா? கிளைமாக்ஸ்ல வில்லனைத் திட்டினதெல்லாம் யாரு, உங்க ஆவியா?"

ஒலிப்பதிவாளர் சிரித்தார். நடிகையும் சிரித்து வைத்தாள். நேற்றே சொல்லியிருக்கலாம். வரச் சொன்ன அன்றே வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். புத்தகத்தில் ஊருக்கே சொல்கிற மாதிரி எழுதியவளுக்கு ஓர் ஆளிடம் சொல்ல வாய் வரவில்லை. திரும்பிப் போய் சோபாவில் உட்கார்ந்தாள்.

குரல்காரி படிக்கத் தொடங்கினாள். ஓட்டைவாய் என்ற பெயர் வந்த இடத்தில் நின்றாள்.

"ஒரு நிமிஷம்பா."

தண்ணீர் குடித்தாள். கண்ணாடி வழியாக வெளியே பார்க்கவில்லை. மறுபடி அந்த வரியிலிருந்தே எடுத்தாள். மெல்லும் வாய், ஊர் முழுக்க அடிக்கும் தம்பட்டம், விருது மேடை என எல்லாவற்றையும் பிசிறில்லாமல், ரசிகர்களுக்குத் தெரிந்த அதே குரலில் படித்தாள். எங்காவது தடுமாறினால் தேவலை என்று இருந்தது நடிகைக்கு. தடுமாறவில்லை.

சமையலறைத் தரை வந்தது. ஓட்டைவாய்க்கு முதல்முறையாக வசனம் வரும் இடம்.

"என்னைக் கைவிட்டுடாதீங்க. நீங்க இல்லேன்னா நான் ஒண்ணுமே இல்ல."

ஒலிப்பதிவாளர் சட்டென்று சோபாவின் பக்கம் திரும்பினார். நடிகையின் வாய் மூடியிருந்தது. கரகரத்த, மூக்கடைத்த அந்தச் சத்தம் ஒலிபெருக்கியிலிருந்துதான் வந்திருந்தது.

அந்த வசனம் கற்பனையில்லை. அன்று தான் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதியிருந்தாள். சொன்ன வாயை மட்டும் மாற்றியிருந்தாள். இப்போது அது சரியான வாய்க்கே திரும்பி வந்துவிட்டது.

"யப்பா! அக்கா, மேடமே பேசுறாங்கன்னு நெனச்சுட்டேன்" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாரி மேடம். சும்மா வெளையாடுறாங்க."

"வெளையாட்டெல்லாம் இல்லப்பா. ஓட்டைவாய்க்கு ஒரு குரல் வேணுமே, எனக்கு இதான் தோணுச்சு." குரல்காரி இப்போதுதான் நேராகப் பார்த்தாள். "ஹீரோயின், இதே இருக்கட்டுமா, மாத்திடட்டுமா? எழுதினவங்க சொல்றதுதான்."

மாற்று என்றால் மாற்றிவிடுவாள். அடுத்த நிமிஷமே வேறு ஒருத்தியாக அழுவாள், அதுவும் அருமையாக இருக்கும். கேட்கிற யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. நடிகை எழுந்துபோய்ப் பொத்தானில் விரலை வைத்தாள். மாற்றுங்கள் என்பதையும் இதே மூக்கடைத்த குரலில்தான் சொல்ல வேண்டும். குரல்காரி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, டப்பிங் திரையில் எத்தனையோ வருஷம் பார்த்த மாதிரியே, அவள் வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருக்கட்டும்க்கா."

"அப்போ முதல்லேருந்து போறேன். அழுகை பத்தல. அன்னைக்கு மூக்கெல்லாம் ஒழுகுச்சு."

"என்னைக்குக்கா?" என்றார் ஒலிப்பதிவாளர்.

குரல்காரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். பதில் சொல்வது தன் வேலை இல்லை என்பதுபோல் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நடிகையின் விரல் இன்னும் பொத்தான்மேல் இருந்தது. அவள் பேசினால் இரண்டு அறைகளிலும் கேட்கும்.

"நான் இவங்க வீட்டுக்குப் போய் அழுத அன்னைக்கு" என்றாள். "புக்குல மாத்தி எழுதிட்டேன்."

ஒலிப்பதிவாளர் கண்ணாடித் தடுப்புக்குள் பார்த்தார். பிறகு மேஜைமேல் கிடந்த நாவலின் அட்டையைப் பார்த்தார். நடிகையின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அறைக்குள் வந்த நாளிலிருந்து வாய்க்கு வாய் மேடம் என்றவர் இப்போது எதுவும் சொல்லாமல் தன் விசைகளின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"ரெடியாக்கா?"

"ரெடி."

"போலாம்."

நடிகை சோபாவுக்குத் திரும்பவில்லை. அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றபடியே, தான் அழுவதைக் கேட்டாள்.