மாப்பிள்ளைக்கு வழி விடுங்க

தையற்காரியின் நாத்தனாருக்கு இடது மணிக்கட்டு வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. பெட்டியோடு வாசலில் வந்து நின்ற தங்கையைப் பார்த்ததும் அவளுடைய அண்ணன் லாரிச் சாவியைத் தேட ஆரம்பித்தான்.

"இவ புருஷன் காலை ஒடிச்சுட்டு வந்துடறேன். நீங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு இருங்க" என்றான், தெருமுனைக் கடைக்குப் போய்வருகிறவன் மாதிரி.

தையற்காரி கணவனின் குறுக்கே போய் நின்றாள். "ஒடிச்சா?"

"ஒடிச்சா கிடப்பான்."

"கால் கூடிடும். நீங்க ஜெயில்ல இருப்பீங்க. அவன் நொண்டிக்கிட்டே இங்க வருவான். அப்ப இவளுக்கு யாரு துணை?"

அவன் சாவி தேடுவதை நிறுத்தினான். அந்தக் கோபத்தில் அன்று அவன் சாப்பிடவும் இல்லை.

தையற்காரி ஒன்றும் சாது கிடையாது. தெருவில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை, பஸ்ஸில் இடுப்பைக் கிள்ளியவனைப் பளாரென்று அறைந்தாள். அவன் திருப்பி அறைந்ததில் ஒரு கடைவாய்ப்பல் போனது. அறைந்ததற்காக அவள் என்றைக்கும் வருந்தியதில்லை. ஆனால் அறைந்த கையோடு அடுத்து என்ன என்று யோசிக்காமல் அங்கேயே நின்றதை மறக்கவும் இல்லை.

அண்ணியும் நாத்தனாரும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார்கள். "புருஷன் பொண்டாட்டி விவகாரம். மறுபடி ஏதாவது நடந்தா வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். நாத்தனாரின் போனில் புருஷனிடமிருந்து குறுஞ்செய்திகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியாக வந்தது: 'கடைக்கே வர்றேன்.'

"வரட்டும். நடந்த பிறகு பார்க்கிறது அவங்க வேலை. நடக்கும்போது பார்க்க வேண்டியது நம்ம வேலை" என்றாள் அண்ணி.

அண்ணி நடத்துவது பள்ளிச் சீருடை தைக்கும் சின்னக் கடை. இரண்டு மெஷின், துணி வெட்டும் நீள மேசை, ஒரு ஆளுயரக் கண்ணாடி. சுவரோரம் இருந்த மேசையை இழுத்துக் கடையின் குறுக்கே போட்டாள். நாத்தனார் உட்கார்ந்து தைக்கும் மெஷினைப் பின்கதவுக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். பின்கதவைத் திறந்தால் சந்து. சந்தைத் தாண்டினால் சைக்கிள் கடை. சைக்கிள் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொல்லிவைத்தாள். அவர் தாடியைச் சொறிந்துகொண்டே கேட்டுவிட்டு, "இவ ஓடி வந்தா நான் உடனே போலீசுக்குப் போன் பண்ணணும். அவ்வளவுதானேம்மா? அடிதடின்னா எனக்கு முட்டி ஒத்துழைக்காது" என்றார்.

"நீல நூல் தீர்ந்துபோச்சுன்னு நான் சொன்னா, நீ எழுந்து போயிடணும். செருப்பைக்கூடத் தேடக்கூடாது."

"உங்களை விட்டுட்டா அண்ணி?"

"அவனுக்கு வேண்டியது நீ. நீ இல்லாத இடத்துல அவன் கோபத்துக்குப் பாதி வேலை இல்லை."

நாத்தனார் பெரிய கத்தரியைக் கையில் எடுத்தாள். "இதையாவது பக்கத்துல வெச்சுக்கறேனே, ஒரு தைரியத்துக்கு."

"அவன் கை உன் கையைவிட நீளம். பிடுங்கிட்டான்னா அப்புறம் கத்தரி யாரோடது?"

வேலையில்லாத நேரங்களில் அண்ணி கத்தரிகளை இழுப்பறையில் போட்டு மூடினாள். ஒத்திகை பார்த்தார்கள். முதல் தடவை நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த தடவை கதவுத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அழு. ஆனா அழுதுகிட்டே ஓடு" என்றாள் அண்ணி. மறுபடி பார்த்தார்கள். கால்கள் தாமாகவே வழி பிடிக்கும்வரை பார்த்தார்கள்.

ஒரு முற்பகலில் அவன் வந்தான். பைக் சத்தம் கேட்டதும் அண்ணி கத்தரியை இழுப்பறைக்குள் தள்ளினாள். "நீல நூல் தீர்ந்துபோச்சு பாரு" என்றாள், தலை நிமிராமல். பின்னால் நாற்காலி நகரும் சத்தம். பின்கதவு சாத்தும் சத்தம்.

அவன் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நுழைந்தான். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"வாங்க மாப்பிள்ளை" என்றாள்.

அந்த மரியாதையை அவன் எதிர்பார்க்கவில்லை. ஒரு கணம் நின்றான். பிறகு, "எங்க அவ?" என்று கத்தினான்.

"இங்க இல்லை."

"எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

"எங்க இருக்கான்னு சொல்ல மாட்டேன் மாப்பிள்ளை. பொய் சொல்லவும் மாட்டேன்."

"அக்கா, என்னைக் கேவலமா நினைக்கிறீங்களா? ஊரே சிரிக்குது!" ஹெல்மெட்டை ஓங்கினான். அவள் மேசைக்குப் பின்னால் இரண்டடி தள்ளிப் போனாள். கைகளை அவன் பார்க்கும்படி விரித்துக் காட்டினாள். குரலை இறக்கினாள். அவன் கத்தக் கத்த, அவள் இன்னும் மெதுவாகப் பேசினாள்.

"கேவலம்னு நான் சொல்லலை. கோபமா இருக்கீங்க, தெரியுது."

ஓங்கிய ஹெல்மெட் ஆளுயரக் கண்ணாடியில் மோதியது. கண்ணாடி பொலபொலவென்று உதிர்ந்தது. சில்லு பட்டு அவன் உள்ளங்கையில் ரத்தம் வழிந்தது. உடைத்தவனே திடுக்கிட்டுப்போய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் வெள்ளைச் சட்டைத் துணி ஒரு துண்டை எடுத்து மேசைமேல் அவன் பக்கம் தள்ளினாள். "முதல்ல கையைக் கட்டுங்க. ரத்தம் நிக்கணும்."

கட்டுவதற்கு இரண்டு கையும் வேண்டும். அவன் ஹெல்மெட்டைத் தரையில் வைத்தான். அவள் நினைத்ததும் அதுதான். பல்லால் முடிச்சை இழுத்துக் கட்டும்போது அவன் தோள்கள் இறங்கின. "அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும்க்கா" என்றான். குரல் பாதியாகிவிட்டிருந்தது.

"பேசறதுன்னா வக்கீல் எதிர்ல பேசலாம். இங்க இல்லை. இப்ப நீங்க கிளம்புங்க."

அவன் தலையசைத்த அந்த நேரம் பார்த்து வாசல் இருண்டது. அவள் கணவன். சரக்கு ஏற்ற நேரமாகும் என்று திரும்பியவன், பைக்கைப் பார்த்திருக்கிறான். கையில் சக்கரம் கழற்றும் ஸ்பேனர்.

மாப்பிள்ளை சட்டென்று குனிந்து ஹெல்மெட்டை எடுத்தான்.

இவ்வளவு நேரம் நடந்தது ஒன்றுமே இல்லை, இனிமேல்தான் இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. இந்த ஒருவனை ஆற்றுவதற்கு அவள் பாடம் செய்துவைத்திருந்தாள். கட்டிய புருஷனுக்கு ஒரு பாடமும் இல்லை.

"ஏங்க, உள்ள வராதீங்க" என்றாள். "அவ பத்திரமா இருக்கா. எனக்கும் ஒண்ணும் ஆகலை. என்னைப் பாருங்க. நல்லாப் பாருங்க."

"தள்ளுடி. இன்னிக்கு இவனை—"

"வாசலை அடைச்சுட்டு நின்னா அவர் எந்த வழியா போவார்? என்மேல ஏறித்தான் போகணும். மாப்பிள்ளைக்கு வழி விடுங்க."

கணவனின் தாடை இறுகியது. பல்லைக் கடித்துக்கொண்டு, உடம்பில் ஒவ்வொரு எலும்பாகப் பெயர்த்து எடுக்கிறவன் போல நகர்ந்தான். வாசலில் வெளிச்சம் விழுந்தது. மாப்பிள்ளை சுவரை ஒட்டியபடி வெளியே போய் பைக்கை உதைத்தான்.

வண்டி தெருமுனையைத் தாண்டவில்லை. சைக்கிள் கடைக்காரர் அழைத்த போலீஸ் ஜீப் எதிரே வந்தது. உடைந்த கண்ணாடியும் ரத்தக் கறையும் கண்ணெதிரே இருக்க, இந்த முறை யாராலும் புருஷன் பொண்டாட்டி விவகாரம் என்று கை கழுவ முடியவில்லை.

எல்லோரும் போன பிறகு அவள் மேசைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். கணவன் கண்ணாடிச் சில்லுகளைப் பெருக்கினான்.

"அவனுக்குப் போய் மாப்பிள்ளை மரியாதை" என்றான் முணுமுணுப்பாக.

"வாயில இருந்து ஒரு வார்த்தை போச்சு. வேற ஒண்ணும் போகலையே?"

அவன் பெருக்குவதை நிறுத்தி அவளைப் பார்த்தான். "நான் அடிச்சிருப்பேன்" என்றான்.

"தெரியும். அடிக்காம நின்னீங்களே, அதுதான் எனக்குப் பெரிசு."

மாலையில் ஸ்டேஷனில் எழுத்தர் பேனாவோடு நிமிர்ந்தார். "என்ன நடந்துச்சு? ஆரம்பத்திலிருந்து சொல்லுங்க."

அண்ணி வாயைத் திறந்தாள். நாத்தனார் அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள். காலில் இன்னும் செருப்பு இல்லை. நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இருங்க அண்ணி, நான் சொல்றேன்."