இரவல் கூறை

அம்மா பெரியம்மாவின் கல்யாணக் கூறைச் சேலையை அயன் மேசையில் விரித்தபோது அதன் பாதி சரிந்து கம்பளத்தில் விழுந்தது. நிலாணி குனிந்து தூக்கினாள். பதினொரு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் படுத்த முதுகு உடனே நிமிர மறுத்தது.

"நிலத்தில பட விடாத," என்றாள் அம்மா. "மூண்டு மணிக்கு முதல் கொண்டுபோய்க் குடுக்கோணும்."

பெரியம்மா நேற்றுக் காலை போய்விட்டார். பியூனரல் ஹோமிலிருந்து வந்த மின்னஞ்சலில் சேலை, சட்டை, உள்பாவாடை, கண்ணாடி என்று கேட்டிருந்தார்கள். எந்தச் சேலை என்று வீட்டில் யாரும் பேசவில்லை. கணவன் உயிரோடிருக்கச் சாகிறவள் கூறை உடுத்துத்தான் போவாள். அம்மா அலுமாரியைத் திறந்ததும் அவள் கை நேராக அடித்தட்டுக்குத்தான் போனது.

பக்கத்து அறையில் பெரியப்பா போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஓம், நாளைக்குப் பத்து மணிக்கு. கூறைதான் உடுத்திறம். எங்கட அம்மா ஊரில எடுத்து அனுப்பினது. இண்டைக்கும் புதுசு மாதிரி இருக்கு."

காலையிலிருந்து நான்காவது ஆளுக்கு அதே சொற்கள். நிலாணி நான்கு தடவையும் வாயைத் திறந்து மூடியிருந்தாள். இப்போது மணி ஒன்றேகால். மில்லிக்கனில் இருக்கும் இந்த வீட்டிலிருந்து பியூனரல் ஹோமுக்கு இந்தச் சேற்றுப் பனியில் அரைமணித்தியாலம் பிடிக்கும்.

"அம்மா, உதைப் பெரியம்மா வேரோனிக்கா அன்ரிக்குக் குடுக்கச் சொன்னவ."

அயன் நின்றது. "எதை?"

"இந்தக் கூறையை."

"மருந்து மயக்கத்தில சொல்லியிருப்பா."

"இல்லை. மருந்து கூட்டுறதுக்கு முதல் சொன்னவ. நான் எழுதி வைச்சிருக்கிறன்."

போன செவ்வாய் மத்தியானம் அது. பெரியப்பா காரை வேறு இடத்தில் நிறுத்தப் போயிருந்தார். நிலாணி மடிக்கணினியைத் தொடையில் வைத்துப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கவேண்டிய வேலையைச் செய்துகொண்டிருந்தாள். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய ஒரு கையெழுத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்துத் தட்டச்சு செய்யும் வேலை. அந்த எழுத்துக்கள் காய்ந்த புழுக்களைப் போல நெளிந்துகிடந்தன. பெரியம்மா கண்ணைத் திறந்து, "என்ன பிள்ளை வாசிக்கிறாய்?" என்றார்.

"ஒரு மனுசியின்ர உயில், பெரியம்மா. இங்கிலாந்து அரண்மனையில ராணிக்குத் தோழியா இருந்தவ. பேர் மார்ஜரி."

"என்னத்தை விட்டிட்டுப் போறா?"

"முக்கால்வாசியும் உடுப்புத்தான். கறுப்பு வெல்வெற் சட்டை ஒராளுக்கு. அதின்ர கை ரெண்டும் இன்னொராளுக்கு."

"கை வேற, சட்டை வேறயோ?" பெரியம்மாவுக்குச் சிரிக்க மூச்சுப் போதவில்லை. "நல்ல மனுசி. ரெண்டு பேரையும் சண்டை பிடிக்க விட்டிட்டுப் போறா."

"இதில ராணி குடுத்த சட்டை ஒண்டும் இருக்கு. அதைத் திரும்ப ராணியிட்டயே சேர்க்கச் சொல்லுறா."

பெரியம்மா தலையைத் திருப்பி மடிக்கணினியைப் பார்த்தார். "அப்ப அது இரவலாத்தான் இருந்திருக்கும்," என்றார். பிறகு, "நீ எழுது பிள்ளை. நானும் சொல்லுறன்."

காப்பு மருமகளுக்கு. தையல் மெஷின் தங்கச்சிக்கு, அவள் தைக்கமாட்டாள், ஆனாலும் அவளுக்கு. பெரிய விண்டர் கோட் உனக்கு. இவையெல்லாம் பிறகு வந்தன. முதலில் சொன்னது கூறையைத்தான்.

தொண்ணூற்றொன்றில் பெரியம்மாவும் வேரோனிக்காவும் இதே நகரில் வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேஸ்மென்டைப் பகிர்ந்து இருந்தார்கள். பெரியம்மாவின் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய கூறை, கொண்டுவந்தவரோடு கொழும்பில் எங்கேயோ நின்றுபோனது. மண்டபம் சொல்லியாயிற்று, நாளும் மாற்ற முடியாது. மன்னாரிலிருந்து புறப்படும்போது வேரோனிக்காவின் பெட்டியில் தாய் அவருடைய கல்யாணத்துக்கென்று வைத்துவிட்ட கூறை ஒன்று இருந்தது. வேரோனிக்கா அதை எடுத்துப் பெரியம்மாவின் கட்டிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஊர்க் கூறை வந்ததும் திருப்பித் தருவதாகப் பேச்சு. ஊர்க் கூறை வரவேயில்லை. வேரோனிக்கா கல்யாணமும் செய்யவில்லை, சேலையைக் கேட்கவும் இல்லை.

"இரவல் சீலையில நல்ல கொய்யகம் எண்டு சொல்லுவினம்," என்றார் பெரியம்மா, போர்வையின் ஓரத்தைக் கொசுவமாக மடித்தபடி. "முப்பத்து நாலு வருசம் நல்லாக் கொய்யகம் வைச்சன். உன்ர பெரியப்பாவுக்கு முதல் தெரியும். பிறகு சொல்லிச் சொல்லித் தாய் அனுப்பினதெண்டே நம்பிப்போட்டார். அவர் மறந்தாப் பரவாயில்லை. நீ மறக்காத."

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அயனை மறுபடி சேலையில் வைத்தாள்.

"இண்டைக்கு உதைக் கதைக்காத, நிலாணி. அத்தான் ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை." பெரியப்பாவின் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"நாளைக்குக் கதைச்சு என்ன செய்யிறது? எரிஞ்சிடும்."

"வேரோனிக்காவுக்கு நான் வேற நல்ல சேலை ஒண்டு எடுத்துக் குடுக்கிறன்."

நிலாணிக்கு இருந்த இடத்திலேயே படுத்துவிடலாம் போலிருந்தது. படுத்து எழும்பும்போது மூன்று மணி கடந்திருக்கும். அவள் எதுவும் தீர்மானிக்க வேண்டியிராது.

வாசல் மணி அடித்தது. வேரோனிக்கா அன்ரிதான். செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள் என்று சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் பெரிய சட்டிகளில் கொண்டுவந்திருந்தார். பூட்ஸைக் கழற்றக் குனிந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டே, அம்மாவிடம், "தெய்வநாயகி, எல்லாரும் முதல்ல சாப்பிடுங்கோ, ஆறிப்போகும்," என்றார். உப்புப் போதுமோ என்று தெரியாது என்றார். வழியில் ஸ்டீல்ஸ் ரோட் முழுக்கக் கார் நின்றது என்றார். நிமிர்ந்தபோது சேலையைக் கண்டார்.

நிலத்தில் வைத்த சட்டிகளை மறுபடி தூக்கினார். கிட்ட வரவில்லை. சட்டிகளைக் கையில் வைத்தபடி நின்றார். நிலாணி போய் வாங்கிக்கொண்டாள்.

பெரியப்பா அறையிலிருந்து வந்தார். சவரம் செய்யாத முகம். சேர்ட்டில் ஒரு பொத்தான் மாறிப் பூட்டியிருந்தது.

"வாங்கோ வேரோனிக்கா." அயன் மேசையைக் காட்டினார். "கூறைதான் உடுத்திறம். எங்கட அம்மா ஊரில எடுத்து…"

காட்டிய கையை இறக்கினார்.

வெளியே தெருவில் பனி தள்ளும் வண்டி ஒன்று பின்னுக்கு வரும்போது எழுப்பும் பீப் சத்தம் கேட்டது. பெரியப்பா சேலையைப் பார்த்தார். பிறகு வேரோனிக்காவைப் பார்த்தார். வேரோனிக்கா தலையை ஆட்டினார்.

"ஓம் அண்ணை," என்றார் மெதுவாக. "நல்ல சேலை."

அதில்லாவிட்டால் நிலாணி பேசாமல்தான் இருந்திருப்பாள். அந்த 'ஓம்'தான் அவளைப் பேசவைத்தது.

"பெரியப்பா, பெரியம்மா உதை அன்ரியிட்டக் குடுக்கச் சொன்னவ."

"நிலாணி," என்றாள் அம்மா.

"எப்ப சொன்னவள்?" என்றார் பெரியப்பா.

"போன செவ்வாய். நீங்கள் கார் மாத்தி விடப் போனனீங்கள்."

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லை."

நிலாணி சட்டிகளைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு அதனருகே உட்கார்ந்தாள். அவர் மறந்துபோனதைப் பற்றிப் பெரியம்மா சொன்ன மிச்சத்தை அவள் எழுதி வைத்திருக்கவில்லை.

"எனக்கேன் பிள்ளை?" என்றார் வேரோனிக்கா. "அறுபத்திரண்டு வயசில இதை உடுத்துக்கொண்டு எங்க போறது? பஸ்ஸிலயோ? அவள் உடுத்தது, அவளோடயே போகட்டும். அண்ணை, அவள் ஏதோ நினைவில சொல்லியிருப்பாள்."

"அவள் நினைவோடதான் இருந்தவள்," என்றார் பெரியப்பா. "கடைசி மட்டும்."

கதிரையில் உட்கார்ந்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். குடிக்கவில்லை. கிளாசை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கட்டிலில வைச்சிட்டு வேலைக்குப் போனனீங்கள், என்ன?" என்றார், நிலத்தைப் பார்த்தபடி. "நான் நன்றி சொல்ல வந்தனான். நீங்கள் இல்லை. நைட் ஷிப்ட்."

"ஓம். அப்ப நைட் ஷிப்ட்தான்."

"பிறகும் சொல்லேல்லை."

"அதுக்கென்ன அண்ணை."

மணி ஒன்று ஐம்பது. பெரியப்பா எழும்பி அயனின் வயரைச் சுவரிலிருந்து கழற்றினார். சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். ஆறு யார் நீளமுள்ள சேலையை ஒரு ஆள் மடிக்க முடியாது. பாதி தோளில் விழுந்தது, பாதி காலில் சுற்றியது. நிலாணி எழும்பப் போனாள். அதற்கு முன்னர் வேரோனிக்கா அன்ரி வந்து மறுதலைப்பைப் பிடித்துக்கொண்டு, சமையலறை வாசல் வரை பின்னால் நடந்து போனார்.

இரண்டு பேரும் சேலையை இழுத்து நீட்டி, ஒருதரம் உதறினார்கள். நீளப்பாட்டுக்கு மடித்தார்கள். கிட்ட வந்தார்கள், மறுபடி விலகினார்கள், மறுபடி கிட்ட வந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை கிட்ட வந்தபோது பெரியப்பா தன் கையிலிருந்த மூலைகளை வேரோனிக்காவின் கையில் வைத்தார். வேரோனிக்கா வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

பெரியப்பா அலுமாரியடிக்குப் போனார். உள்ளே ஹாங்கர்கள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் வெகுநேரம் கேட்டது. திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு நீலச் சேலையும் மாம்பழ மஞ்சளில் ஒரு சட்டையும் இருந்தன. சட்டை அந்தச் சேலைக்குரியது அல்ல. அம்மா உள்பாவாடையும் கண்ணாடியும் இருந்த பையை விரித்துப் பிடித்தாள்.

நிலாணி இரண்டையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு சுவர்க் கொக்கியிலிருந்து கார்த் திறப்பை எடுத்தாள்.